துரைராசா கொண்டுபோன ஆறு தாள்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணியாகியும் பெரிய கிளாக்கர் துரைராசா வேலைக்கு வரவில்லை. பதினொரு வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. கொட்டகலை பஜாரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தவர். முதல் பஸ்ஸைப் பிடித்து, வட்டவளைக்கு மேலே இருந்த ஊசிக்கல் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, ஆபிஸ் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிடுவார். அன்றைக்கு ஜெயந்தினிதான் திறந்தாள். அவள் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கிளாக்கர். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, நாலு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலிக்கு வந்தவள்.

ஒன்பது மணிக்கு லொறி டிரைவர் சின்னத்தம்பி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாத்தியதே அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, பெரிய கிளாக்கர நேத்து சாயந்தரம் சோதனைச் சாவடியில பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க. நம்ம டிவிஷன் ஆளுங்க ரெண்டு பேரு அதே பஸ்ல இருந்திருக்காங்க. ஜீப்புல ஏத்திப் பொலிசுக்குக் கொண்டு போயிட்டாங்களாம்."

"எதுக்குங்கண்ணே? ஐடென்டி காட் இல்லையா?"

"காட் இருந்துச்சு. காட்ல யாழ்ப்பாணம்னும் இருந்துச்சே. அது போதாதுன்னு பேக்குல என்னமோ கடுதாசி. ரகசிய எழுத்துல எழுதி, பென்சிலால கோடு கோடா போட்டிருந்துச்சாம். நடுவுல கன்பவுடருன்னு இங்கிலீசுல இருந்துச்சாம். வெடிமருந்துன்னு பொலிஸ்காரன் சத்தம் போட்டதும் பஸ்ஸே அடங்கிப் போச்சாம்."

அது என்ன கடுதாசி என்று ஜெயந்தினிக்குத் தெரியும். அவள் கையால் அச்சடித்துக் கொடுத்த ஆறு தாள்.

அது 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம். வடக்கில் சண்டை மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதையைப் பூட்டிப் பத்து மாதமாகியிருந்தது. துரைராசாவின் மனைவி கமலேஸ்வரி பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மலையில் குண்டுச் சத்தம் கேட்கவில்லையே தவிர, சாவடிகள் இருந்தன, சுற்றிவளைப்புகள் இருந்தன, கூட்டிக்கொண்டு போனால் எப்போது வருவார்கள் என்று தெரியாத நிலைமை இருந்தது.

ஊசிக்கல் தொழிற்சாலையில் கறுப்புத் தேயிலையோடு கொஞ்சம் பச்சைத் தேயிலையும் செய்தார்கள். கொழுந்தை வாட்டாமல் ஆவி காட்டி, குருணை குருணையாக உருட்டி எடுப்பது. பார்க்க ஈயக்குண்டு மாதிரி இருக்கும். அதற்கு வியாபாரத்தில் கன்பவுடர் என்றே பெயர். ஜெர்மனியில் ஒரு கம்பெனி அதை வாங்கியது. கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனி அனுப்பி வைத்தது. அந்த வருஷம் ஜெர்மன்காரர்கள், இனிக் கடதாசி பில் வேண்டாம், எங்கள் கம்ப்யூட்டர் நேரே வாசிக்கிற கோப்பாக அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பு அப்படியே அனுப்பத் தொடங்கியது. அதில் ஒரு பிரதி ஈமெயிலில் தொழிற்சாலைக்கும் வரும். அனுப்புப் புத்தகத்தோடு ஒத்துப்பார்த்துச் சரி சொல்ல வேண்டியது பெரிய கிளாக்கரின் பொறுப்பு.

கோப்பைத் திறந்தால் மனுஷன் வாசிக்கிற மாதிரி ஒன்றும் இருக்காது. மூன்று மூன்று எழுத்து, கூட்டல் குறி, எண்கள், புள்ளிகள், வரி முடிவில் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. திகதிகூட இப்படித்தான் இருக்கும்:

DTM+137:20070614:102'

இதையெல்லாம் பிரித்தெடுத்து, பழைய பில் மாதிரிக் கட்டம் போட்டு, இன்ன சரக்கு, இத்தனை மூட்டை, இத்தனை கிலோ என்று காட்டுகிற ஒரு புரோகிராமை ஜெயந்தினி மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்டு எழுதவில்லை. கொழும்பிலிருந்து ஈமெயிலில் வாங்கிய ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் தேடித் தேடி எழுதினாள். முக்கால்வாசி வந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் துரைராசா அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பிள்ளை, உந்த பில் எப்ப வரும்? நாளைக்கு நான் கொழும்புக்குச் சரி சொல்ல வேணும்."

"இன்னும் ரெண்டு நாளுங்க ஐயா. ஒரு எடத்துல சிக்கி நிக்குது."

"அப்ப கோப்பை அப்பிடியே அடிச்சுத் தாரும். நான் வீட்டில வைச்சு வாசிச்சுப் பாக்கிறன்."

வாசித்துத்தான் பார்க்கட்டுமே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆறு தாளை அச்சடித்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முதல் தாளில் விரலை வைத்தார்.

"இஞ்ச நூற்றிரண்டு எண்டு கிடக்கு. மூட்டைக் கணக்கோ?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இருக்கும்ங்க" என்றாள்.

இப்போது அதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது. அச்சடிக்கும்போது ஒவ்வொரு தாளின் தலையிலும் கோப்பின் பெயர் தானாக விழும். அவள் அதற்கு வைத்திருந்த பெயர் 'ஜெயந்தினி டெஸ்ட்'. ஆறு தாளிலும் ஆங்கிலத்தில் அவள் பெயர் இருந்தது. வெடிமருந்து என்ற சொல்லுக்கு மேலே, டெஸ்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.

மனேஜர் கொழும்பில் இருந்தார். நாலாவது தடவை அழைத்தபோதுதான் போனை எடுத்தார். "நான் திங்கட்கிழமை லோயரோட வாறேன். அதுவரைக்கும் நீங்க யாரும் போய் ஒண்ணும் பேச வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவள் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துலிங்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். கேட்டு முடித்ததும் எழுந்து, அலுமாரிக்கு மேலிருந்து பேக்கை எடுத்துக் கட்டிலில் வைத்தான்.

"பாப்பாவ தூக்கிக்க. உடப்புசல்லாவையில எங்க சித்தி வீட்டுல விட்டுட்டு வாறேன். ஒரு மாசம் அங்கயே இருங்க."

"என்னய தேடி இங்க வந்தா?"

"ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லுவேன்."

"ஓடிப் போயிட்டான்னு எழுதிக்குவாங்க. அவருக்கும் அதுதான் முடிவாகிப் போகும்."

"அவருக்கு ஆளுங்க இருக்காங்க ஜெயா. யாழ்ப்பாணத்துக்காரங்க, கொழும்புல சொந்தம் இருக்கும், பெரிய எடத்துல பேசுவாங்க. நமக்கு யாரு இருக்கா? நாளைக்கு உன்ன வச்சுக்கிட்டாங்கன்னா நான் யார்கிட்ட போயி நிப்பேன்?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்று வயது மகள் பேக்கின் சிப்பை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெயந்தினி பேக்கில் இரண்டு சட்டைகளை மடித்து வைக்கக்கூடச் செய்தாள். மூன்றாவது சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"நூத்தி ரெண்டு மூட்டையான்னு கேட்டாருங்க. பாக்காமலே ஆமான்னு சொன்னேன்" என்றாள். "அத அவரு அங்க போயி சொல்லியிருப்பாரு. நம்ம புத்தகத்துல நாப்பது மூட்டைதான் இருக்கு. மிச்ச அறுபத்தி ரெண்டு எங்கன்னு கேட்டு அடிச்சா அவரு என்ன சொல்லுவாரு?"

முத்துலிங்கம் மகளைப் பக்கத்து வீட்டுக் காம்பராவில் விட்டுவிட்டு வந்து ஆட்டோவை வெளியே எடுத்தான்.

போகிற வழியில் தொழிற்சாலையில் இறங்கி அனுப்புப் புத்தகம், குறிப்புப் புத்தகம், ஒரு பொட்டலம் கன்பவுடர் தேயிலை, புரோகிராமைப் போட்ட பென் டிரைவ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். மனேஜரைக் கேட்காமல் புத்தகத்தை வெளியே எடுத்ததற்கே வேலை போகலாம். அந்தப் பயம் அன்றைக்கு மற்றப் பயங்களுக்குப் பின்னால் எங்கேயோ நின்றது.

பொலிஸ் நிலையத்து வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. முத்துலிங்கத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவள் பெயரைச் சொன்னதும் வாசலில் இருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தான். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, "தங்கச்சி, உன்னைத் தேடி நாளைக்கு வர இருந்தோம்" என்று சிங்களத்தில் சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் சுவரோரத்து மர வாங்கில் உட்கார வைத்தார்கள். மூத்திரம் முட்டியது. கேட்கப் பயந்து அடக்கிக்கொண்டாள். உள்ளே எங்கேயோ ஒரு கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் துரைராசாவின் இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். சத்தமில்லாமல் பேசினார். அவர் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். மேசையில் ஆறு தாளும் வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. ஜெயந்தினி அப்போதுதான் அவற்றைப் பார்த்தாள். துரைராசா பென்சிலால் வட்டம் போட்டு, அம்பு இழுத்து, ஓரத்தில் பொடி எழுத்தில் தமிழில் 'திகதியோ?', 'நிறை?', 'ஆள் பெயர்' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார். பஸ்ஸிலேயே தொடங்கிவிட்டார் போல. விஷயம் தெரியாமல் பார்த்திருந்தால் அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

"இது உன் பெயர்தானே?"

"ஆமாம் சேர்."

"என்ன டெஸ்ட்?"

சின்ன வயதிலிருந்து பேசிய சிங்களம் ஒரு சொல்கூட வரவில்லை. அவர் காத்திருந்தார். அவள் பையைத் திறந்து தேயிலைப் பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"இதுதான் சேர் கன்பவுடர்."

அவர் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுச் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கோப்பையில் போட்டதும் குருணைகள் மெல்ல விரிந்து இலையாகிப் பச்சை வாசம் வந்தது. இன்ஸ்பெக்டர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"தேயிலை தேயிலைதான். நான் கேட்பது இந்தத் தாளைப் பற்றி. இது மனுஷர் எழுதுகிற பில் இல்லை."

"மனுஷருக்கு எழுதினது இல்லை சேர். கம்ப்யூட்டர் வாசிக்கிறதுக்கு. மனுஷர் வாசிக்கிற மாதிரி நான் ஒரு புரோகிராம் செய்திருக்கிறேன். காட்டட்டுமா?"

மாடியில் அறிக்கை அடிக்கிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் அவளை அங்கே கூட்டிப் போனார். பென் டிரைவைக் குத்தி, புரோகிராமை ஓடவிட்டாள். ஏதோ ஒரு துணைக் கோப்பு இல்லை என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பெட்டி. பின்னால் நின்ற கான்ஸ்டபிள் மூச்சை விட்டான். தன்னைத் தானே கொண்டுவந்து மாட்டிவிட்டோம் என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் நிச்சயமாகத் தோன்றியது. மகள் இன்றைக்கு யாரோடு படுப்பாள் என்று நினைத்தாள்.

"முடிந்ததா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒரு வெள்ளைத் தாள் தாங்க சேர். கையால எழுதிக் காட்டுறேன்."

கட்டம் போட்டாள். மேலே விற்பவர், வாங்குபவர். கீழே சரக்கு, மூட்டை, கிலோ. சிங்களத்தில் எழுதியே பல வருஷமாகியிருந்தது. எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. கோப்பில் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, குறிப்புப் புத்தகத்தில் அந்த மூன்று எழுத்தைத் தேடிக் காட்டி, பிறகு கட்டத்தில் எழுதினாள். இது யார் விற்கிறார் என்பது. இது ஹாம்பர்க், அது ஊர். இது நாற்பது, மூட்டை. அனுப்புப் புத்தகத்தைத் திறந்து, ஜூன் பதினான்காம் திகதிக்குப் பக்கத்தில் அதே நாற்பதைக் காட்டினாள். எழுத எழுதப் பயம் கொஞ்சம் குறைந்தது. மூன்று வாரமாக மண்டைக்குள் இருந்தது எல்லாம் வரிசையாக வந்தது.

இன்ஸ்பெக்டரின் பேனா திகதி வரியில் வந்து நின்றது.

"இந்த நூற்றிரண்டு?"

இதற்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். துரைராசா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும். அவர் சொன்னதையே சொன்னால் இரண்டு பேர் வாயும் ஒன்றாக இருக்கும். ஆனால் புத்தகத்தில் நாற்பது இருக்கிறது. வேறு சொன்னால் அவர் பொய் சொன்னவராகிவிடுவார். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அது கணக்கு இல்லை சேர். திகதியை எந்த மாதிரி எழுதியிருக்கு என்று சொல்ற குறி. முதல்ல வருஷம், அடுத்து மாசம், அடுத்து நாள்."

"உள்ளே இருக்கிற மனுஷன் நூற்றிரண்டு மூட்டை என்கிறான். நீதான் சொன்னாயாம்."

"ஆமாம். நான்தான் சொன்னேன்."

"அப்படியென்றால் அவனிடம் பொய் சொன்னாயா, என்னிடமா?"

"அவர்கிட்ட நான் பார்க்காமலே சொன்னேன் சேர். வேலையில இருந்தேன். அவர் கேட்டது எனக்குத் தொந்தரவா இருந்தது." அவள் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினாள். "எல்லாத் தாளையும் பாருங்க. எங்கெல்லாம் திகதி இருக்கோ அங்கெல்லாம் நூற்றிரண்டு இருக்கும். திகதி இல்லாத எடத்துல இருக்காது."

இன்ஸ்பெக்டர் ஆறு தாளையும் எடுத்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி விரல் வைத்துத் தேடினார். ஏழு திகதி இருந்தது. ஏழிலும் நூற்றிரண்டு இருந்தது. பிறகு துரைராசாவின் பென்சில் குறிப்புகளைக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார். அவள் வாசித்து வாசித்துச் சொன்னாள். பாதிக்கு மேல் தப்பு. ஜெர்மன் கம்பெனியின் பதிவு எண்ணைத் தொலைபேசி என்று எழுதியிருந்தார். வரிகளை எண்ணிப் போட்ட கடைசி எண்ணைக் கிலோ என்று எழுதியிருந்தார்.

இன்ஸ்பெக்டர் தாள்களை அடுக்கி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ரகசியம் பேசி வைத்துக்கொள்கிறவர்களுக்கு இவ்வளவு தப்பு வராது" என்று கடைசியில் சொன்னார். அவளுக்குச் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவள் கோணல் எழுத்தில் போட்ட பில்லை வழக்குக் கோவையில் குத்தி வைத்தார். "நீ போகலாம். அவனை இப்போது விட முடியாது. கொழும்பிலிருந்து பதில் வர வேண்டும்."

சனிக்கிழமை பின்னேரம் விட்டார்கள். முத்துலிங்கமும் அவளும்தான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். துரைராசாவின் கன்னத்தில் இரண்டு நாள் நரை முளைத்திருந்தது. கீழுதடு வீங்கியிருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு, "படியில தடுக்கி விழுந்திட்டன்" என்றார். கொட்டகலை வரைக்கும் அதற்கு மேல் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, நீர் வந்திருக்க வேண்டியதில்லை."

"நான்தானே ஐயா தப்பாச் சொன்னேன்."

"அதுக்காக வந்திருக்க வேண்டியதில்லை" என்று மறுபடி சொன்னார். சொல்லிவிட்டு மெல்ல மாடிப்படி ஏறிப் போனார்.

மனேஜர் திங்கட்கிழமை வந்து அனுப்புப் புத்தகத்தை வெளியே கொண்டுபோனதற்காக அவளைத் திட்டினார். வேலையை விட்டு நீக்கவில்லை. அந்த வாரமே அவள் புரோகிராமை முடித்தாள். கோப்பைக் கொடுத்தால் ஒரே தாளில் மூன்று மொழியிலும் கட்டம் போட்ட பில் வந்தது. துரைராசா அதை வரி வரியாக வாசித்து, புத்தகத்தோடு ஒத்துப்பார்த்து, கையெழுத்து வைத்தார். "இப்ப விளங்குது" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு துண்டுக் கடதாசிகூட அவர் ஆபிஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பழைய மாதிரி முதல் ஆளாக வந்து ஜன்னலைத் திறந்தார். யாராவது பின்னால் வந்து பேசினால் பேனா கீழே விழுகிற அளவுக்குத் திடுக்கிட்டார். ஆகஸ்டில் கப்பலில் போக அனுமதி கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டார். போகுமுன் ஜெயந்தினியின் வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கு ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, முத்துலிங்கத்தின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயந்தரம் முத்துலிங்கம் வாசலில் உட்கார்ந்து ஆட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"அந்த ஆளு என் கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தப்ப எனக்கு வெக்கமா போச்சு" என்றான். "நீ உள்ள இருந்தப்ப மூணு தடவ ஆட்டோவ ஸ்டார்ட் பண்ணுனேன். பாப்பாவையாவது தூக்கிட்டுப் போயிரணும்னு. மூணு தடவையும் நிப்பாட்டிட்டேன். உங்கிட்ட சொல்லல."

"தெரியும்" என்றாள் ஜெயந்தினி. "மாடியில கேட்டுச்சு."

அவன் துணியை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் மகளின் கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கி இரண்டாக உடைத்து, பெரிய துண்டை அவனிடம் நீட்டினாள்.